முப்பத்தோராம் எண் மனு

ஜூன் 1, சனி

காலையில் முதல் வேலையாக, நேற்றைய தேதித் தாளைக் காலண்டரிலிருந்து கிழித்து, எழுதாத பக்கம் மேலே இருக்கும்படி உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன். பக்கத்தில் பென்சில். அதற்கப்புறம்தான் பால் அடுப்பில் ஏறியது. அவர் குளித்துவிட்டு வந்து, சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதில் எழுதி வைத்துவிட்டு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கிளம்புவார். இன்று எழுதியிருந்தது: "சிலிண்டர் வரும். ஆள் இருக்கணும்." சனிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

எட்டரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன். அலுவலகம் என்பது பேச்சுக்குத்தான். தாராபுரம் கடைவீதியில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒரே அறை. வெளியே வராந்தா, அதில் ஒரு மரபெஞ்சு. யூரியா நெடி பழகிப்போய்விட்டது. காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டதால் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஆற்றில் பொறுக்கிய ஒரு கூழாங்கல். பெண்கள் துணைக்குழு என்று பலகை மாட்டிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஐந்து பேர் ஆரம்பித்தோம். அந்த ஐவரில் இன்று மிச்சம் நானும் நாச்சக்காவும். மொத்தம் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம், யாருக்கும் சம்பளம் இல்லை. தலைவர் என்பதால் எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது இந்தச் சாவி.

சனிக்கிழமை மனு வாங்கும் நாள். இன்று ஆறு பேர். மனு கொடுக்க வருகிறவளை நீல நாற்காலியில் உட்கார வைத்து, எழுதுகிறவள் எதிரே அல்ல, பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும் என்று முதல் வருடமே நாச்சக்கா சொன்னது. அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இது உங்க பேச்சுதானுங்களா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் கையெழுத்து. இந்த ஒரு கேள்வியில் அழுதவர்கள்தான் அதிகம். அடித்ததைச் சொல்லும்போது அழாதவர்கள்கூட.

புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். புதன்கிழமை அவர்களுக்கு ஒத்திகை. ஒருவர் மனு கொடுப்பவளாக நடிக்க, மற்றவர் எழுதிப் பழக வேண்டும். வழக்கமாக நாச்சக்காதான் நடிப்பார். மிட்டாய்க்கடை வைத்திருக்கும் கற்பனைப் புருஷனைத் திட்டியே எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் அமைதியாக இருந்தது. நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அது நல்லதுதான்.

ஜூன் 3, திங்கள்

தாளில் எதுவும் இல்லை. புளிக்குழம்பு வைத்தேன். மிச்சம்.

ஜூன் 5, புதன்

நாச்சக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முகம் வீங்கிவிட்டது, வரவில்லை. அதனால் நான் நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஆடுகிறது. இத்தனை பெண்களில் ஒருத்தியும் அதைச் சொன்னதில்லை.

நாலு பேருடைய ஒத்திகை சீக்கிரம் முடிந்தது. நான் குடிகாரனைச் சொன்னேன், நகை வாங்கி அடகு வைத்தவனைச் சொன்னேன். எழுதியதைக் கிழித்துப் போட்டோம். கடைசியாக மெஹருன்னிசா. முப்பத்து நாலு வயது. திருப்பூருக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். ஒவ்வொரு உருப்படியையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண் ஒட்டி அனுப்புகிற வேலை. எழுத்தும் அப்படித்தான், அச்சு மாதிரி.

"உங்க பேருங்க?"

"கற்பகம்."

"என்ன பிரச்சினைங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அதையும் எழுதினாள். ஒண்ணுமில்லீங்க.

"அடிக்கறாருங்களா?"

"இல்லீங்க."

"குடி?"

"வாசமே ஆகாதுங்க."

"வேற எங்காச்சும் தொடர்பு..."

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்கக்கா இங்க வந்தீங்க?"

மற்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். "அந்தக் கேள்வி மட்டும் எப்பவுமே கேக்கக் கூடாது மெஹர். எப்ப இருந்துன்னு கேளு" என்றேன்.

"சரிங்க. எப்ப இருந்துங்க?"

"மூணு வருசமாச்சுங்க. என்ற வீட்டுக்காரர் என்கிட்டப் பேசி."

"ஒரு வார்த்தை கூடங்களா?"

"ஆமாங்க."

"கொழம்புல உப்பில்லீன்னா?"

"தட்டைத் தள்ளி வெப்பாருங்க."

"ஏதாச்சும் வேணும்னா?"

"சீட்டு எழுதி வெப்பாருங்க."

"நீங்களாப் பேசிப் பாத்தீங்களா?"

"மொதல்ல பேசிட்டிருந்தனுங்க. அப்பறம் என் கொரலை நானே கேட்டுட்டு இருக்கற மாதிரி ஆச்சு. வுட்டுட்டனுங்க."

மெஹர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நாங்கள் அச்சடித்து வைத்திருக்கும் கேள்விகளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "உங்க பேரைச் சொல்லி அவரு கடைசியாக் கூப்புட்டது எப்பங்கக்கா?"

தெரியவில்லை என்று சொன்னேன். கதை அதற்கு மேல் வரவில்லை.

படித்துக் காட்டினாள். "இது உங்க பேச்சுதானுங்களா?" என்றாள். எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனேன்.

"அக்கா, இதையும் கிழிச்சுப் போட்டறட்டுங்களா?"

"வெச்சிரு" என்றேன்.

நன்றாக எழுதியிருந்தாள், அடுத்து வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம் என்று சொல்லியிருப்பேன். கதை எங்கிருந்து பிடித்தேன் என்று படியிறங்கும்போது கேட்டாள். பத்தொன்பது வருடமாகக் கேட்டதுதான் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

அவருடைய அத்தை பேரனுக்குக் கல்யாணம், மூலனூர்ப் பக்கம் மண்டபத்தில். காரில் நாற்பது நிமிடம். காற்றாலைகளை எண்ணிக்கொண்டு போனேன். ஐம்பத்தாறில் விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் ரேணுகாவைப் பார்த்தேன். அவர் தம்பி மனைவி. கையில் புதுக் குழந்தை. பார்த்ததும் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். நான் கடந்து போகும்வரை சரிசெய்துகொண்டே இருந்தாள்.

சீர் நடந்து முடிந்து பெரியவர்கள் கூடி நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் திரும்பி, நல்ல சத்தமாக, சிரித்த முகமாக, "சாப்புட்டியா கோகிலா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

பெரிய மாமா, "பாத்தீங்களா, சமூக சேவைக்காரம்மாவை வயிறு காயாமப் பாத்துக்கறாப்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. சொன்ன பிறகு பந்திக்குப் போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று போகவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சாதத்தில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். மெஹர் கேட்டதற்கு இப்போது பதில் இருக்கிறது. ஜூன் 9, நண்பகல் பன்னிரண்டரை.

ஜூன் 12, புதன்

அபிநயா திருச்சியிலிருந்து போன் செய்தாள். பரீட்சை, விடுதிச் சாம்பார், பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னும் அப்படியேதானாம்மா?" என்றாள். "எப்படியேடீ?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அவளும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஜூன் 15, சனி

மனுக்கள் முடிந்து மாதாந்தரக் கூட்டம். பதினோரு பேர் வந்திருந்தார்கள். மெஹரைத் தவிர புதியவர்கள் யாரும் இல்லை. நிலுவையில் உள்ள மனுக்களை எண் வரிசைப்படி அவளைப் படிக்கச் சொன்னேன். இருபத்தொன்பது, முப்பது. பிறகு, "முப்பத்தொண்ணு. கற்பகம். வாய்மனு" என்றாள்.

கையில் இருந்த கூழாங்கல்லை மேசையில் வைத்தேன்.

நேரில் வர முடியாத பெண்ணுக்காக எங்களில் ஒருத்தி வந்து சொன்னால் அது வாய்மனு. மெஹர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மற்ற நாலும் பொய்க்கதை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் யாருக்காகவோ வந்து சொன்னதாக நினைத்திருக்கிறாள். 'வெச்சிரு' என்றும் சொல்லிவிட்டேன். அவள் மேசையைத் தாண்டுகிற எதுவும் எண் ஒட்டாமல் போகாது. எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் போட்டுவிட்டாள்.

முழுவதும் படித்தாள். தட்டைத் தள்ளி வைப்பது, சீட்டு, எல்லாம்.

நாச்சக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அறுபத்து மூன்று வயது, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு வருசமாப் பேசாத புருசனா? எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டாளாம்? கேட்டுச் சொல்லு அம்மிணி, நானும் ஒரு நடை போயிட்டு வாரேன்."

அறையே சிரித்தது.

"அடியில்லை, குடியில்லை. காலையில ஆறு பேரு ஒடம்புல காயத்தோட வந்துட்டுப் போறாளுக. இதைக் கொண்டுபோயி ஸ்டேசன்ல குடுத்தா ஏட்டம்மா நம்மளைப் பாத்துச் சிரிக்கும்."

வக்கீல் தமயந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "சட்டத்துல மனசைக் கொடுமைப்படுத்தறதும் குத்தந்தாங்கக்கா. ஆனா ஆதாரம் வேணும். பேசுனதுக்கு ஆதாரம் இருக்கும். பேசாததுக்கு எங்க போயித் தேடறது?"

மெஹர் எழுந்து நின்றுவிட்டாள். கூட்டத்தில் யாரும் எழுந்து பேசுவதில்லை, அவளுக்கு அது தெரியாது. "மன்னிச்சுக்கங்க. கம்பெனியில சில பீஸு மடிச்சு வெச்சா நல்லாத்தான் இருக்கும். விரிச்சு வெளிச்சத்துல புடிச்சாத்தான் ஓட்டை தெரியும். இந்த அக்கா மடிச்சு வெச்சுட்டே இருந்திருக்கறாங்க. அவ்வளவுதானுங்க." உட்கார்ந்துகொண்டாள்.

யார் இந்தக் கற்பகம் என்று என்னைக் கேட்டார்கள். எல்லா முகமும் என் பக்கம். அது ஒத்திகை, அடித்துவிடு மெஹர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"பேரு வெளிய வேண்டாம்னு கேட்டுட்டிருக்குது" என்றேன்.

"சரி, விதி என்ன சொல்லுது?" என்றார் நாச்சக்கா.

விதியை எழுதியவள் நான். வாய்மனு பதிவானால் நாலு சனிக்கிழமைக்குள் அந்தப் பெண்ணே வந்து, படித்துக் கேட்டு, என் பேச்சுதான் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் மனுவைக் கிழித்துவிட வேண்டும். பதிவான தேதியிலிருந்து கணக்குப் பார்த்தோம். ஜூன் 29 கடைசி நாள்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். மெஹருக்கு எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிடும் என்பதற்காக இருக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ரேணுகாவைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, முழங்கை வீங்கிய நிலையில் மாடியேறி வந்து அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை, டவுன் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்திருந்தாள். என் கொழுந்தன் மனைவி என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியுமா? எழுதினேன். படித்துக் காட்டினேன். மகளிர் ஸ்டேஷனில் அவள் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் கொழுந்தன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "ஊருக்கெல்லாம் நாயம் பேசறவளுக்கு வூட்டுல என்ன பேச்சு வேண்டிக் கெடக்குது."

நான் பதில் சொல்வதற்குள் டி.வி.யைப் போட்டார். பத்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அபிநயா அப்போது பிளஸ் டூ. அப்பாகிட்டச் சொல்லு, அம்மாகிட்டக் கேளு என்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் விடுதிக்குப் போன மறுநாள்தான் முதல் தாள் உப்பு ஜாடிக்கு அடியில் வந்தது. மற்ற பெண்கள் காலேஜ் விட்டதும் வீட்டுக்கு ஓடி வருவார்கள். இவள் விடுமுறைக்கெல்லாம் தோழி வீட்டுக்குப் போகிறாள்.

ரேணுகா ஆறு மாதத்தில் வந்து, தன் வாயாலேயே மனுவை முடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அது அவள் உரிமை. கொழுந்தனும் இப்போது கை ஓங்குவதில்லை என்கிறார்கள். அவர்கள் மனு முடிந்துவிட்டது.

மதியம் எலுமிச்சை சாதம். மழை வருவதுபோல இருண்டு, காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 20, வியாழன்

காலை எட்டு மணிக்கு நாச்சக்கா ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு வந்தார். என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. கீரை காய்ந்துவிடும் என்று அவராகவே வந்துவிட்டார்.

வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பாமல் இருந்த நேரம். "வாங்கக்கா, உக்காருங்க. பல்லு எடுத்ததாக் கேள்விப்பட்டேன், இப்பத் தேவலைங்களா?" என்றார். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். காற்று, வோல்டேஜ் ஏறி இறங்குவது, இந்த மாதம் மட்டும் பதினெட்டு மோட்டார் எரிந்து வந்தது. நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். அவருக்குப் பதினெட்டு மோட்டார் வந்தது எனக்குத் தெரியாது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. சளி பிடித்திருக்க வேண்டும்.

"காப்பி குடிக்கறீங்களாக்கா?" என்றார் நாச்சக்காவைப் பார்த்து. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அவர் கிளம்பிப் போனதும் நாச்சக்கா, பல் பிடுங்கின இடம் நமநமக்கிறது, உப்புத் தண்ணி கொப்பளிக்கணும் என்று உள்ளே வந்தார். நான் தடுப்பதற்குள் ஜாடியைத் தூக்கிவிட்டார். அடியில் இன்றைய தாள்: "கரண்ட் பில் 27 கடைசி. சளி மருந்து."

அக்கா அதைப் படித்தார். பின்பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார்.

"இதென்னம்மிணி?"

"எனக்கு மறந்துருமுன்னு எழுதி வெப்பாருங்கக்கா."

"ஓ."

தாளை முன்பிருந்த மாதிரியே வைத்து, ஜாடியை அதன்மேல் வைத்தார். உப்பு எடுக்க மறந்துவிட்டார். வெறும் தண்ணீரில் கொப்பளித்தார்.

வெளிக் கதவருகில் செருப்பை மாட்ட ரொம்ப நேரம் ஆயிற்று. "அன்னைக்கு அந்தக் கற்பகத்தைப் பத்தி நான் பேசுனது தப்பு" என்றார் திடீரென்று. "முப்பத்தஞ்சு வருசம் ஆஸ்பத்திரியில காயத்தையே பாத்த கண்ணு. காயமில்லீன்னா ஒண்ணுமில்லைன்னு நெனச்சுக்குது. அந்தப் பொண்ணு வந்தா நாந்தான் பக்கத்துல உக்காருவேன். வேற யாரையும் உக்கார வெச்சறாதே."

பல் வலி வந்தால் மனது இளகிவிடும் போலிருக்கிறது.

கீரையைப் பொரியல் செய்தேன். மருந்து வாங்கி டிபன் டப்பா பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 22, சனி

ஐந்து மனு. இரண்டு பேரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. கற்பகம் வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெஹர் எட்டிப் பார்த்தாள். "அடுத்த வாரம் ஒண்ணுதானுங்கக்கா இருக்குது. நாம போயிக் கூட்டிட்டு வந்தா என்னங்க?" என்றாள். தானாக வர வேண்டும் என்பதுதான் விதி என்றேன். "விதி செஞ்சவங்க கொஞ்சம் கல்நெஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு, யார் செய்தது என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

மகளிர் கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'வாய் திறந்து சொல்வதே முதல் படி' என்ற தலைப்பு. பலமுறை பேசியதுதான். நீல நாற்காலியைப் பற்றிச் சொன்னேன், பக்கத்தில் உட்காருவதைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், இவ்வளவு வேலைக்கும் உங்க வீட்டுல சப்போர்ட் எப்படிங்க மேடம்?"

"ரொம்ப" என்றேன்.

கைதட்டினார்கள். கல்லூரி முதல்வர், இப்படிப்பட்ட கணவர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். இன்னொரு தடவை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

பஸ்ஸில் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மற்ற பெண்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் எப்படி என்று. அதை ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நான் பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பழக்கம்.

ஜூன் 26, புதன்

மேல் அலமாரியில் முறுக்கு டப்பாவை எடுத்துத் திறந்தேன். தாள்களைத் தூக்கிப் போடாமல் அதில்தான் போட்டு வருகிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. வாசலில் உட்கார்ந்தால் காற்று கொண்டுபோய்விடும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் பரப்பினேன். எழுத்து உள்ளவை முந்நூற்றுப் பன்னிரண்டு.

தண்ணி மோட்டார் ரிப்பேர். அரிசி முடிஞ்சது. ஞாயிறு வரமாட்டேன். வெள்ளைச் சட்டை. ஃபேன் துடைக்கணும். என் அப்பா இறந்த அன்று: "கார் சொல்லியாச்சு. 4 மணி."

முந்நூற்றுப் பன்னிரண்டிலும் என் பெயர் இல்லை. திட்டும் இல்லை. தமயந்தி கேட்ட ஆதாரத்தை இதைவிட ஒழுங்காக யாரும் தேதி போட்டுத் தர முடியாது. முன்பக்கம் அச்சடித்த தேதி, பின்பக்கம் அவர் கையெழுத்து.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும்: அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்குக் கார் சொன்னார். தம்பியை ஸ்டேஷனில் பார்த்த அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. ஆனால் கேட்க முயன்றேன். எத்தனை தடவை முயன்றேன் என்பதற்கு என்னிடம் தாள் இல்லை.

விதிப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது: பொறுப்பில் இருப்பவர் தம் சொந்தக் காரியமாக மனு கொடுத்தால், அது முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். அதுவும் என் கையெழுத்துதான்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் தாளைக் கிழித்து வைத்தேன். "நாளை கடை லீவு" என்று எழுதியிருந்தார். நாளை முழுவதும் அவர் வீட்டில் இருப்பார். இருக்கட்டும். திரும்பி வரும்போது யாராவது வீட்டில் இருப்பது நல்லதுதான். நானே முதலில் சொல்லிவிடலாம், ஊர் வழியாகக் கேட்க வேண்டாம். பதில் வராது. ஆனாலும் அவர் காதில் விழும்.

மத்தியானம் கரண்ட் பில் ரசீதைத் தேதி மாறாமல் கோப்பில் வைத்தேன். மாவு அரைத்தேன். அபிநயாவுக்கு இரண்டு தடவை போன் செய்ய எடுத்து வைத்துவிட்டேன். அவளிடம் நாளைக்குப் பேசலாம்.

ஐந்து மணிக்கு நாச்சக்கா வீட்டுக்குப் போனேன். அலுவலகச் சாவியை நீட்டினேன்.

"நாளைக்கு நீங்க தொறந்துருங்கக்கா. எனக்கு வர நேரமாகும்."

பத்தொன்பது வருடத்தில் இந்தச் சாவி கை மாறியதில்லை. ஏன் என்று கேட்பார் என்று ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. சாவியை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"பத்தரைக்குக் கூட்டம் சாஸ்தியாயிரும். கொஞ்சம் முன்னாலயே வந்துரு. பெஞ்சுல எடம் போட்டு வெக்கறேன்."

"எனக்கெதுக்குங்கக்கா பெஞ்சு?"

"காத்து வராந்தாவுல நல்லாருக்கும்" என்றார். "அப்பறம், அந்த நீல நாக்காலி ஆடுதுன்னு மெஹரு சொன்னா. காலுக்கு ரப்பர் மாட்டிட்டேன்."

காப்பி கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் குடித்தோம். இப்படியும் பேசாமல் இருக்கலாம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் விலகல் கடிதம் எழுதினேன். மூன்று வரி. முறுக்கு டப்பாவிலிருந்த தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தேன். சால்வையை அலமாரியில் வைத்தேன்.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. மகளிடமும் இல்லை. நாளை ஒன்பதரை பஸ்ஸில் போய், உரக்கடைப் படியேறி, வந்திருக்கும் மற்றவர்களோடு பெஞ்சில் உட்காரப் போகிறேன். முப்பத்தொன்று என்று மெஹர் கூப்பிட்டதும் உள்ளே போவேன். அவள் முழுவதும் படித்துக் காட்டுவாள். இது உங்க பேச்சுதானுங்களா என்று கேட்பாள்.

ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால், பெயரைத் திருத்தச் சொல்ல வேண்டும்.